கோலி சோடாவும் நின்று பேசிய நேரமும்



பிழைப்பின் நிமித்தம் சென்னையிலும் பெங்களூரிலும் குடியேறிய நம் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இப்பொழுது ஒரு "புதிய" பானம் அறிமுகமாகியிருக்கிறது. பெரிய அங்காடிகளின் குளிர்பெட்டியில், கழுத்திலே கண்ணாடிக் குண்டு அடைத்த புட்டியில், பல வண்ணங்களில் அது விற்கப்படுகிறது. பிள்ளைகள் புதுமை என்று வாங்குகிறார்கள். புத்தூரிலும் நகரியிலும் திருத்தணியிலும் பிறந்து வளர்ந்த பெற்றோரோ அதைக் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்துக்கொள்ளுகிறார்கள். அது நம்முடைய பழைய கோலி சோடா! அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பா, வளைகுடா நாடுகளுக்கும் அது ஏற்றுமதியாகிறது என்று மத்திய வர்த்தக அமைச்சகம் 2025 மார்ச் மாதத்தில் அறிவித்தது.

புட்டி திரும்பி வந்துவிட்டது. ஆனால் அந்தப் புட்டியோடு நமக்கு இருந்த வேறொன்று திரும்பி வரவில்லை. அது என்ன என்பதையே இம்மாதம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

புத்தூரை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையிலிருந்து திருவள்ளூர், திருத்தணி, நகரி வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் சாலையில் உள்ள ஊர் அது. அரக்கோணம் - ரேணிகுண்டா இருப்புப்பாதையும் அதன் வழியே செல்லுகிறது. எலும்பு முறிந்தவர்களுக்குப் போடும் "புத்தூர் கட்டு" இவ்வூரின் பெயரால் வழங்குவதே. ஒரு காலத்தில் சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் ஊர். இரண்டு மொழிகளிலும் கோலி சோடாவுக்குப் பெயர் ஒன்றுதான். கட்டுப் போட்டுக்கொள்ள வந்தவர், மலைக்குப் போகும் யாத்திரிகர், தறி நெய்கிறவர், மாங்காய் வியாபாரி, பேருந்துக்குக் காத்திருப்பவர் என்று பலரும் வெயிலுக்கு ஒதுங்கி நின்ற இடம் சோடாக் கடை.

இந்தப் பானத்தின் வரலாறு ஒரு சபைப் போதகரிடத்தில் தொடங்குகிறது என்றால் வியப்பாயிருக்கும். 1767-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் சபை ஊழியம் செய்துவந்த ஜோசப் பிரீஸ்ட்லி என்பவரின் வீட்டருகே மதுபானம் காய்ச்சும் சாலை ஒன்று இருந்தது. அங்கே நொதிக்கும் தொட்டிகளுக்கு மேலே தங்கும் வாயுவை அவர் ஆராய்ந்து, அதைத் தண்ணீரில் கரைத்தால் இனிய சுறுசுறுப்பான நீர் கிடைக்கிறது என்று கண்டார். 1772-இல் அதன் செய்முறையை அச்சிட்டு வெளியிட்டார். அவருடைய வேத உபதேசம் நாம் ஏற்கும் உபதேசம் அன்று. ஆயினும் மதுச்சாலையின் வாயுவிலிருந்து மயக்கம் தராத ஒரு பானத்தை உலகுக்குக் கொடுத்தவர் அவர். அவர் அதை வியாபாரமாக்கவில்லை. ஜெனீவா நகரில் ஜேக்கப் ஷ்வெப் என்பவரே 1783-இல் அதைத் தொழிலாகத் தொடங்கினார்.

வாயு கலந்த நீரைச் செய்வதைவிட அதை அடைத்து வைப்பதே கடினமாயிருந்தது. தக்கை காய்ந்து சுருங்கினால் வாயு வெளியேறிவிடும். லண்டனைச் சேர்ந்த ஹைரம் காட் 1872-இல் இதற்கு ஒரு வழி கண்டு காப்புரிமை பெற்றார். புட்டியின் வாய்க்குள் ஒரு ரப்பர் வளையம். கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் குண்டு. புட்டியைத் தலைகீழாகப் பிடித்து வாயுவோடு நீரை நிரப்பினால் குண்டு வாய்ப்பக்கம் வந்து விழும். உள்ளிருக்கும் அழுத்தமே அதை ரப்பர் வளையத்தோடு சேர்த்து இறுக அடைத்துவிடும். வெளியிலிருந்து மூடி தேவையில்லை; உள்ளே உள்ள பலமே அதற்கு மூடி. கட்டைவிரலால் ஓங்கி அழுத்தினால் குண்டு கீழே இறங்கும். குடிக்கச் சாய்க்கும்போது அது வழியை மறிக்காதபடி கழுத்தில் உள்ள பள்ளம் அதைத் தாங்கிக்கொள்ளும். ஜப்பானியர் இதே வகைப் புட்டியில் ராமுனே என்னும் பானத்தைக் குடிக்கிறார்கள். நம் ஊரிலோ அதன் தடித்த கண்ணாடி, மூக்குக்கண்ணாடிக்கும் பெயர் கொடுத்து, "சோடாபுட்டி" என்று வகுப்புத்தோறும் ஒரு மாணவனைக் கேலிசெய்ய உதவிற்று.

இந்தப் புட்டிக்கு இன்னொரு குணமும் இருந்தது. அதுவே என் சிந்தனைக்குக் காரணம். கடைக்காரருக்குச் சோடாவைவிடப் புட்டி விலை உயர்ந்தது. ஆகையால் அதை யாரும் எடுத்துப்போக முடியாது. கடையின் முன் நின்று குடித்து, புட்டியை அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டே போகவேண்டும். வாயு மூக்கில் ஏறுமாதலால் அவசரமாகவும் குடிக்க முடியாது. எனவே ஒவ்வொருவரும் ஐந்து, பத்து நிமிடம் அங்கே நின்றார்கள். நின்றவர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். "எந்த ஊருங்க? யாருக்குக் கட்டு? மாப்பிள்ளை எங்கே வேலை?" என்று பேச்சு பிறந்தது. பெண் பார்த்தது, கடன் கேட்டது, துக்கம் விசாரித்தது யாவும் அந்த நிழலில் நடந்தன.

வீட்டுக்கு விருந்தினர் வந்தாலும் அப்படியே. "போய் நாலு கலர் வாங்கி வா" என்று பையனைக் கம்பிக் கூடையோடு அனுப்புவார்கள். பன்னீர் சோடா, ஜிஞ்சர், ஆரஞ்சு என்று வண்ணத்துக்கொரு பெயர். விருந்தினர் குடித்து முடித்த பிறகே காலிப் புட்டிகளைக் கடைக்குத் திருப்ப முடியும். ஆகையால் "இருங்க, போகலாம்" என்கிற சொல்லுக்கு அங்கே உண்மையான பொருள் இருந்தது.

ஐஸ்கிரீம் கடைக்கும் இதே நியாயம் பொருந்தும். வெப்ப தேசமாகிய நமக்குப் பனிக்கட்டி ஒரு காலத்தில் கப்பலில் வந்தது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பகுதியில் உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டிய பனிக்கட்டியைப் பிரெடரிக் டியூடர் என்னும் வியாபாரி 1833-இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னையில் அதைச் சேமிக்க 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்றும் கடற்கரைச் சாலையில் நிற்கிறது. இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யக் கற்ற பின்பே அது எளியவர்க்கும் எட்டிற்று. சென்னையில் தாசப்பிரகாஷ் ஐஸ்கிரீமுக்குப் பெயர் பெற்றது. 1970-இல் ராயபுரத்தில் ஆர்.ஜி. சந்திரமோகன் 13,000 ரூபாய் முதலீட்டில் தொடங்கிய அருண் ஐஸ்கிரீம், பெரிய நிறுவனங்கள் கவனியாத சிறு நகரங்களைத் தேடிச் சென்று வளர்ந்தது. அந்நாளில் பெரும்பாலான வீடுகளில் குளிர்பெட்டி இல்லை. ஐஸ்கிரீமை வீட்டுக்கு எடுத்துப்போனால் வழியிலேயே உருகிவிடும். ஆகையால் குடும்பமாகப் போய் உட்கார்ந்து, சிறு கிண்ணத்தில் சிறு கரண்டியால் மெதுவாகச் சாப்பிட்டார்கள். தெருவோரச் சோடாக் கடையில் பெரும்பாலும் ஆண்களே நின்றார்கள். மின்விசிறியின் கீழே நாற்காலி போட்ட ஐஸ்கிரீம் கடையிலோ தாய்மாரும் பெண்பிள்ளைகளும் சங்கடமின்றி உட்கார்ந்தார்கள்.

இவ்விடங்களின் மதிப்பை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கவேண்டும். ராஜாஜி 1937 அக்டோபர் மாதத்தில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே அது சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கு விரிந்தது. புத்தூர் பகுதி அதற்குள் அடங்கியது. அமெரிக்காவிலும் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது, மருந்துக் கடைகளில் சோடாவும் ஐஸ்கிரீமும் பரிமாறிய மேடைகள் செழித்தன. காரணம் எளிது. மனிதன் மதுக்கடைக்குப் போவது மதுவுக்காக மாத்திரம் அல்ல, துணைக்காகவும்தான். மதுவை நீக்குகிறவர்கள் துணையோடு கூடியிருக்க வேறொரு இடத்தைக் கொடுக்கவேண்டும். இன்று நம் ஊர்களில் மாலையில் ஆண்கள் கூடும் இடம் எது என்று எண்ணிப் பாருங்கள். சோடாவோ அங்கே மதுவுக்குத் துணையாகிவிட்டது!

பழைய கடைகள் ஏன் மறைந்தன? 1892-இல் வில்லியம் பெயின்டர் காப்புரிமை பெற்ற தகர மூடி, குண்டுப் புட்டியை உலகெங்கும் ஓரங்கட்டியது. நம் நாட்டில் 1977-இல் கோகோ கோலா வெளியேறியபோது உள்நாட்டுப் பானங்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது. விருதுநகரில் 1916-இல் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க், பொவண்டோவைக் கொண்டு இன்றும் நிற்கிறது. ஆனால் 1990-களில் பெப்சியும், 1993-இல் திரும்பி வந்த கோகோ கோலாவும் சந்தையை நிரப்பின. எல்லாவற்றையும்விட மாற்றம் செய்தது பிளாஸ்டிக் புட்டி. அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டியதில்லை. ஆகையால் நிற்கவேண்டியதும் இல்லை. வீட்டுக்கு வீடு குளிர்பெட்டி வந்தது. ஆகையால் போய் உட்காரவேண்டியதும் இல்லை.

பிரியமானவர்களே, பழங்காலத்தில் எல்லாம் நன்றாயிருந்தது என்று சொல்ல நான் வரவில்லை. அழுத்தம் மிஞ்சிய புட்டிகள் வெடித்துத் தொழிலாளிகளைக் காயப்படுத்தியதுண்டு. புட்டிகளைக் கழுவிய தண்ணீரும் எங்கும் சுத்தமாயிருந்ததில்லை. இவற்றைவிடக் கசப்பான உண்மை ஒன்று உண்டு. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் எத்தனையோ கிராமத்துத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை இருந்தது. ஒரு சாராருக்குப் பெஞ்சும் கண்ணாடி டம்ளரும். ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தரையும் தனிக் குவளையும். அந்த அவமானத்தைச் சுமந்து நகரத்துக்கு வந்த குடும்பங்கள் நம் சபைகளில் உண்டு. அவர்களிடத்தில் "அந்தக் காலத்துக் கடை போல வருமா" என்று சொல்லுவது நியாயமாகாது. காசு கொடுத்தவர் எவரானாலும் அவர் கையில் ஒரே விதமான பிளாஸ்டிக் புட்டியை வைக்கும் நகரத்துக் கடை, அவர்களுக்கு ஒரு விடுதலையாகவே இருந்தது. யூதர் சமாரியரோடு சம்பந்தம் கலவாத நாட்களில், சமாரிய ஸ்திரீயிடம் தண்ணீர் கேட்ட நம் ஆண்டவர், யாக்கோபின் கிணற்றருகே இந்த வேலியைத்தானே தாண்டினார்?

ஆகையால் இழந்தது எது, ஜெயித்தது எது என்று பகுத்தறிய வேண்டும். நகரத்தில் நமக்குச் சமமான புட்டி கிடைத்தது. கூட நிற்பவர் இல்லாமற்போனார். ஊரில் கூட நிற்பவர்கள் இருந்தார்கள்; குவளையோ எல்லா இடத்திலும் சமமாயிருக்கவில்லை. சமமான குவளையும் கூட நிற்கும் மனிதரும் ஒன்றாய்க் கிடைக்கிற இடம் ஒன்று வேண்டாமா? அது அங்காடியின் குளிர்பெட்டியில் கிடைக்காது. நாம்தான் உண்டாக்கவேண்டும்.

அதற்குப் பெரிய செலவு இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நம் சபைகளில் காகிதக் குவளையில் தேநீர் கொடுக்கிறோம். அதை வாங்கிக்கொண்டே வண்டி நிறுத்திய இடத்துக்கு நடக்கிறார்கள். வாசலைத் தாண்டுமுன் குவளை குப்பையில் விழுகிறது. நேற்று ஊரிலிருந்து வந்த வாலிபன் ஒருவன், யாரும் பெயர் கேட்காமல், அறைக்குத் திரும்புகிறான். காகிதக் குவளைக்குப் பதிலாக எவர்சில்வர் டம்ளர்களை வாங்குங்கள். இரண்டு கூடை எலுமிச்சம்பழம் வாங்கி, சோடாவில் பிழிந்து, உப்போ சர்க்கரையோ அவரவர் வைத்தியர் அனுமதித்தபடி சேர்த்துக் கொடுங்கள். கழுவும் பொறுப்பை, பெரியவர் சிறியவர், ஆண் பெண் என்று பாராமல் முறைவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கவேண்டியதாயிருப்பதால் எவரும் உடனே போய்விட முடியாது. ஐந்து நிமிடம் நிற்பார்கள். அப்பொழுது பக்கத்தில் நிற்கும் அந்த வாலிபனிடம், நம் ஊர்ச் சோடாக் கடையில் கேட்கும் அதே கேள்வியைக் கேளுங்கள்: "தம்பி, எந்த ஊரு?"