மருந்துக்கடை அனுபவம் மட்டமானதா?

மருந்துக்கடையில் வேலை பார்த்தவர் ஆஸ்பத்திரி மருந்தகத்துக்குச் சரிப்பட மாட்டார் என்ற எண்ணம் நம்மிடையே வேரோடிப்போயிருக்கிறது. அட்டையை நறுக்கிக் கொடுத்துக் காசு வாங்கிப் போட்டவருக்கு வார்டைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கிறார்கள். அவரே பகுதிநேரமாக வருகிறேன் என்றால், அரை நேரம் வருபவரிடம் முழுப் பொறுப்பை எப்படி ஒப்படைப்பது என்று அடுத்த கேள்வியைப் போடுகிறார்கள். இந்த எண்ணத்துக்கு ஆதாரம் இல்லை. சென்னையிலிருந்து கப்பல் வந்துசேர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும் அந்தமானில் அது நோயாளிக்கே கேடு. அந்தமான் தலைநகரில் ஜங்லிகாட் கடைத்தெருவுக்கும், தீவுகள் அனைத்துக்கும் மேல்சிகிச்சை தரும் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். ஆள் பற்றாக்குறை வந்தால் பக்கத்து மாவட்டத்திலிருந்து எளிதில் வரவழைக்க இங்கே வழியில்லை. நடுவில் கடல் கிடக்கிறது. அப்படிப்பட்ட ஊரில், பதிவு பெற்ற மருந்தாளுநரை அவர் நின்ற இடத்தை வைத்து ஒதுக்குவது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது.

சட்டம் இந்தப் பாகுபாட்டைச் செய்யவில்லை. 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டத்தின் 42ஆம் பிரிவு, மருத்துவரின் சீட்டுக்கு மருந்து கலந்து வழங்கும் உரிமையைப் பதிவு பெற்ற மருந்தாளுநருக்குத் தருகிறது. கடைக்கு ஒருவர், ஆஸ்பத்திரிக்கு வேறொருவர் என்று பிரிக்கவில்லை. டி.பார்ம் படிப்புக்கான 1991ஆம் ஆண்டு ஒழுங்குமுறை 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அதில் 250 மணி நேரமாவது சீட்டைப் பார்த்து மருந்து வழங்குவதில் கழிய வேண்டும் என்றது. அந்தப் பயிற்சியை ஆஸ்பத்திரியிலும் பெறலாம், உரிமம் பெற்ற மருந்துக்கடையிலும் பெறலாம் என்று இடம் தந்தது. பயிற்சிக்குத் தகுதியான இடம் என்று ஒழுங்குமுறையே ஏற்ற கடையில் பத்து வருடம் உழைத்தவரை, ஒன்றும் கற்காதவர் என்று எப்படிச் சொல்ல முடியும்?

கடையில் அவர் கற்றதைப் பார்ப்போம். 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணை மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு வைத்து, மூன்று வருடம் பாதுகாக்கிறார். காசநோய் மருந்துகளும் வீரியமான ஆன்டிபயாட்டிக்குகளும் அதில் அடக்கம். சீட்டில் எழுதிய மருந்து கப்பலில் வந்து சேரவில்லை என்றால் தன் இஷ்டத்துக்கு மாற்றித் தர முடியாது. மருத்துவரைக் கூப்பிட்டுக் கேட்டாக வேண்டும். இன்சுலின் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள குப்பியாகவும் வருகிறது, 100 யூனிட்டாகவும் வருகிறது. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உடம்புக்குள் போய்விடும் என்று நோயாளிக்கு எடுத்துச் சொல்பவர் அவர். ஒரே மருந்தை இரண்டு பிராண்டு பெயரில் இரண்டு டாக்டர்கள் எழுதியிருப்பதைக் கண்டுபிடிப்பவரும் அவர்தான். உலக சுகாதார நிறுவனம் மருந்துப் பிழைகளைக் குறைக்க 2017இல் தொடங்கிய இயக்கம் மூன்று இடங்களில் கவனம் கேட்டது: ஆபத்து மிகுந்த சூழல், ஒருவரே பல மருந்துகளை உட்கொள்ளும் நிலை, நோயாளி ஓரிடத்துச் சிகிச்சையிலிருந்து இன்னோரிடத்துக்கு மாறும் தருணம். பின்னிரண்டும் மருந்துக்கடையின் அன்றாடம். டிஸ்சார்ஜ் ஆனவர் வீட்டுக்குப் போய் எதை விழுங்குகிறார், எதைப் பணமில்லாமல் பாதியில் நிறுத்துகிறார் என்பது வார்டுக்குத் தெரியாது, கடைக்குத் தெரியும். தமிழ், தெலுங்கு, வங்காளம், இந்தி என்று பல மொழி பேசும் இத்தீவுகளில், அவரவர் பாஷையில் வேளையும் அளவும் சொல்லிப் பழகியவர் எந்த ஆஸ்பத்திரிக்கும் பெரிய பலம்.

வார்டில் தெரிந்திருக்க வேண்டியவை வேறு உண்டே என்பது நியாயமான மறுப்பு. அடர் பொட்டாசியம் குளோரைடைக் கலக்காமல் ஏற்றினால் உயிர் போகும். வின்கிறிஸ்டின் ஊசி தண்டுவடத்தில் போனாலும் அப்படியே. இவற்றைக் கடையில் கற்க முடியாது. ஆனால் கல்லூரியிலிருந்து நேரே வருகிறவருக்கும் இவை புதிதுதான். அவருக்குச் சொல்லித்தருகிறோம், இவருக்கு மட்டும் மறுக்கிறோம். பகுதிநேரம் என்றால் பொறுப்பு நழுவும் என்கிறார்கள். 24 மணி நேரமும் இயங்கும் ஆஸ்பத்திரியில் நர்ஸ் முதல் டாக்டர் வரை எல்லாரும் ஷிப்டு முறையில்தான் வேலை செய்கிறார்கள். பொறுப்பைக் காப்பது எழுத்தில் ஒப்படைக்கும் ஒழுங்கு. அது இல்லாத இடத்தில் முழுநேர ஊழியரும் தவறுவார். ஊரில் இரவுகளும் விடுமுறை நாட்களும் ஆளில்லாமல் கழிவதைவிட, அந்த வேளைக்கென்றே வருகிற தகுதியுள்ளவர் மேல். சான்றிதழைக் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் வந்து நிற்பாரே, நோயாளியைத் தெரிந்த கடைக்கு அனுப்புவாரே என்ற அச்சம்தான் எல்லாவற்றிலும் கனமானது. அந்த முறைகேடுகளைத் தண்டித்தே ஆக வேண்டும். வேலைநேரத்தை இரண்டு இடத்துப் பதிவேட்டிலும் எழுதவைத்து, கடையில் பங்கு உள்ளவரை விலக்கினால் பெருமளவு அடைபடும். சிலர் செய்கிற தப்புக்கு நேர்மையாக உழைக்கும் எல்லாரையும் வெளியே நிறுத்துவது தீர்வாகாது.

ஆகவே நிர்வாகங்கள் செய்ய வேண்டியது தெளிவு. வார்டு மருந்தகத்துக்கு வேண்டிய திறன்களைப் பட்டியலிட்டு வெளியிடட்டும். கடையிலிருந்து வருபவருக்கு மூத்த மருந்தாளுநரின் கீழ் சம்பளத்தோடு பயிற்சி தரட்டும். தேர்வு வைத்து, தேறியவரை மணிக்கணக்குக்கு ஏற்ற நியாயமான ஊதியத்தில் அமர்த்தட்டும். தேறாதவரைத் திருப்பி அனுப்பலாம், அதில் குறையில்லை. சோதித்துப் பார்க்காமலே அனுப்புவதுதான் அநியாயம். அதன் விலையைக் கொடுப்பவர் மருந்துக்காகக் காத்திருக்கும் நோயாளி.