கோழிக்கு அல்ல

இந்த வாரக் கோபம் ஒரு களிம்பு டியூபின் மேல். மருந்தட்டைகளின் பொடி எழுத்தைப் பற்றி நான் ஆரம்பித்தாலே "மறுபடியுமா?" என்று கடிதம் போடும் வாசகர்கள் உண்டு. மறுபடியும்தான். ஆனால் இம்முறை நோயாளி மனிதர் அல்ல. எடமலைப்பட்டி புதூரில் எங்கள் பக்கத்து வீட்டு நாட்டுக்கோழி.

தெருநாய் கவ்வியதில் தொடைப் பக்கம் தோல் கிழிந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா மெடிக்கல் ஷாப்புக்கு ஓடி, "புண்ணுக்கு எரியாத மருந்தாக் குடுங்க தம்பி" என்று கேட்டிருக்கிறார். மரத்துப்போக வைக்கும் களிம்பு ஒன்று கைக்கு வந்தது. யாருக்கு என்று கடையில் கேட்கவில்லை. கோழிக்கு என்று இவரும் சொல்லவில்லை. "சார், இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாருங்க" என்று என்னிடம் நீட்டினார். லிக்னோகெய்ன் 5 சதவீதம் என்பது தெரிந்தது. மற்றதெல்லாம் எறும்பு வரிசை.

யானையைக் குத்தி விரட்டிய சேவலின் கதையைச் சொல்லும் உறையூர் நமக்குப் பக்கத்தில்தான். அந்தச் சேவலையே சாய்க்கும் சரக்கு இந்த டியூபில் உண்டு. மரப்பு மருந்து பட்டாலே கோழி செத்துவிடும் என்பது மிகை. கால்நடை மருத்துவர்கள் பறவைகளுக்கு லிக்னோகெய்ன் போடத்தான் செய்கிறார்கள். ஆனால் எடை பார்த்து, நீர்க்க வைத்துப் போடுகிறார்கள். ஊசிக்கு அவர்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் எல்லை கிலோவுக்கு 4 மில்லிகிராம். ஒன்றரைக் கிலோ பெட்டைக்கு 6 மில்லிகிராம் ஆயிற்று. 5 சதவீதக் களிம்பிலோ ஒரு கிராமுக்குள்ளேயே 50 மில்லிகிராம் இருக்கிறது. பூசியது முழுவதும் ரத்தத்தில் சேராதுதான். ஆனால் தோல் உரிந்த புண் வேகமாக உறிஞ்சும். மிச்சத்தைக் கோழியே கொத்தி விழுங்கும். அளவு மீறினால் தள்ளாட்டம், வலிப்பு, கடைசியில் இதயம் நின்றுபோகும். பென்சோகெய்ன் கலந்த களிம்பு இன்னொரு வகை: ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் ஈறில் அதைத் தடவக் கூடாது என்று அமெரிக்க மருந்துத் துறை 2018-இல் எச்சரித்தது.

டியூபை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். கொதித்து ஆறிய நீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு கரைத்துப் புண்ணைக் கழுவி, வெளிறிய டீ நிறத்துக்கு நீர்க்க வைத்த போவிடோன் அயோடின் தடவினோம். ரத்தத்தைக் கண்டால் மற்ற கோழிகள் அங்கேயே கொத்தும் என்பதால் அதை மட்டும் தனியே பஞ்சாரத்தில் கவிழ்த்தோம். கோழி பிழைத்தது. என் எரிச்சல்தான் ஆறவில்லை.

1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 97-ஆவது விதி ஒன்று இருக்கிறது. கால்நடை மருந்தின் மேல் "மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல, விலங்கு சிகிச்சைக்கு மட்டும்" என்று எடுப்பாக அச்சிட வேண்டும். கூடவே ஒரு வீட்டு விலங்கின் தலையையும் படமாகப் போட வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற நல்ல ஏற்பாடு. மாட்டு மருந்தை மனிதன் விழுங்கிவிடக் கூடாதே என்று எவ்வளவு கவலை! மனிதனின் மருந்து மாட்டுக்கோ கோழிக்கோ போனால்? அந்தக் கவலையை நமக்குக் கற்றுக்கொடுத்தவை பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள்.

திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைப் பிரசாதத்துக்கு இரண்டு கழுகுகள் இறங்கியதைப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அவையும் பாறு இனம்தான். 90-களின் இறுதியில் அவை வருவது நின்றது. நாடு முழுக்கப் பாறுகள் கொத்துக்கொத்தாக விழுந்துகொண்டிருந்த காலம் அது. மாட்டின் வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பாறின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004-இல் இதை நிறுவியது. 2007-க்குள் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகள் ஆயிரத்துக்கு ஒன்றாகச் சுருங்கிவிட்டன.

2006-இல் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தார்கள். உடனே மனிதருக்கான 30 மில்லி குப்பி மாட்டுத் தொழுவத்துக்குப் போனது. மனிதருக்கு ஒரு ஊசிக்கு 3 மில்லி போதும். 30 மில்லி யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். 2008-இல் "கால்நடைக்கு அல்ல" என்று குப்பியில் அச்சிடச் சொன்னார்கள். யார் படித்தார்கள்? 2015-இல்தான் ஒரு வேளை அளவுக்கு மேல் குப்பியே கூடாது என்றார்கள். கம்பெனிகள் வழக்குக்குப் போயின. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை செல்லும் என்றது. அதற்குள் நஷ்டம் பறவைகளோடு நிற்கவில்லை. பாறுகள் இல்லாமல் அழுகிய சடலங்களாலும், பெருகிய நாய்களாலும், கெட்ட தண்ணீராலும் 2000 முதல் 2005 வரை இந்தியாவில் ஏறக்குறைய 5 லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்ததாக, 2024-இல் அமெரிக்கப் பொருளாதார ஆய்விதழ் ஒன்றில் வந்த கட்டுரை கணக்கிடுகிறது.

எனவே எழுத்தைப் பெரிதாக்கினால் மட்டும் போதும் என்று நான் சொல்லமாட்டேன். தமிழில், பெரிதாக, படத்தோடு அச்சிடட்டும். அந்தக் கோரிக்கையை விடப்போவதில்லை. ஆனால் அச்சு தோற்ற இடத்தில் ஒரு கேள்வி ஜெயிக்கும். மெடிக்கல் ஷாப் தம்பிகளே, புண்ணுக்கு மருந்து கேட்டால் "யாருக்கு?" என்று கேளுங்கள். வாங்கப் போகும் அக்காமார்களே, "கோழிக்கு" என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். புண் ஆழமாக இருந்தால், புழு வைத்திருந்தால், கடைக்கே போக வேண்டாம். 1962-க்குப் போன் போடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் கிடைக்கும். மனிதருக்கு வாங்கிய மரப்புக் களிம்பு மனிதரோடு நிற்கட்டும்.