வீட்டில் அணையாத விளக்கு



மாலை ஆறு மணியளவில் மருதனார்மடச் சந்தியைக் கடந்து போகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதியதல்ல. காங்கேசன்துறை வீதியில் பிள்ளைகள் ஒரு ரியூசன் முடிந்து அடுத்த ரியூசனுக்குச் சைக்கிளில் விரைகிறார்கள். சந்தைக்கு வந்த தாய்மார் மரக்கறிப் பையுடன் வீட்டுக்கு ஓடுகிறார்கள். தகப்பன் வேலையால் வர இன்னும் நேரமாகும். எல்லோரும் வீடு வந்து சேர்ந்த பின்னரும் ஒருவர் தொலைக்காட்சித் தொடரிலும், ஒருவர் கைத்தொலைபேசியிலும், ஒருவர் நாளைய பரீட்சையிலும் மூழ்கிவிடுகிறார்கள். ஒரே கூரையின் கீழ் இருந்தும் சேர்ந்திருக்கப் பத்து நிமிடம் கிடைப்பதில்லை.

“குடும்ப ஜெபமோ? அம்மம்மா இருந்த காலத்தில் ஒவ்வொரு நாளும் இருந்தது. இப்ப ஆருக்கு நேரம்?” என்று பல வீடுகளில் சொல்லக் கேட்கிறோம். “பிள்ளைகளை ஞாயிறு பாடசாலைக்கு ஒழுங்காக அனுப்புகிறோம்தானே, அது போதாதோ?” என்று கேட்கும் தாய்மாரும் உண்டு.

ஒரு வாரத்தில் 168 மணித்தியாலங்கள் உள்ளன. அவற்றில் ஆராதனைக்கும் ஞாயிறு பாடசாலைக்கும் சேர்த்து மூன்று மணித்தியாலம் போகலாம். மற்ற 165 மணித்தியாலமும் பிள்ளை வீட்டிலும் பள்ளியிலும் தெருவிலும் இருக்கிறது. அந்த நேரத்தில் தாய் தகப்பனிடம் எதைக் காண்கிறதோ, அதையே விசுவாசம் என்று அது விளங்கிக்கொள்கிறது. இதற்கு எங்கள் யாழ்ப்பாணத்து வரலாறே சாட்சி சொல்லும்.

1658இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினார்கள். கத்தோலிக்கக் குருமார் நாட்டை விட்டு அகற்றப்பட்டனர். குரு ஒருவருக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. ஊர்தோறும் இருந்த ஆலயங்கள் ஒல்லாந்தரின் புரட்டஸ்தாந்து ஆலயங்களாக மாறின. அக்காலத்தில் இங்கு பணிசெய்த பல்தேயஸ் பாதிரியார் 1672இல் வெளியிட்ட நூலில் தெல்லிப்பளை, மல்லாகம், உடுவில், மானிப்பாய் என்று எங்கள் சுற்றுவட்டாரத்து ஊர்ப் பெயர்களை எல்லாம் காணலாம். அரசாங்க உத்தியோகத்துக்கு ஞானஸ்நானம் தேவைப்பட்டது. திருமணத்தையும் பிள்ளையின் பிறப்பையும் அந்த ஆலயத்திலேயே பதிய வேண்டியிருந்தது.

இப்படி 29 ஆண்டுகள் கழிந்தன. கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகளார் 1687இல் இங்கு வந்தபோது, குரு என்று வெளியில் காட்டிக்கொள்ள முடியாத நிலை. ஏழைக் கூலியாளின் உடையில், கழுத்தில் செபமாலை ஒன்றை அணிந்துகொண்டு, வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அந்த மாலையைக் கண்டதும் எந்த வீட்டாரின் கண்கள் அதில் தங்குகின்றன என்று பார்த்தார். மாலையை அடையாளம் கண்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் மூலமாகவே அவர் சில்லாலைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து இரவு வேளைகளில் வீடுகளில் திருப்பலி நடத்தினார்.

1658இல் பிறந்த குழந்தைக்கு 1687இல் 29 வயது. தன் வாழ்நாளில் ஒரு குருவானவரைக் கண்டிராத தலைமுறை அது. அந்தத் தலைமுறைக்குச் செபமாலை என்னவென்று தெரிந்திருந்தால், அதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? ஆலயத்தில் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, மெல்லிய குரலில் ஒரு தாயோ பாட்டியோ தகப்பனோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அவர்களுடைய பெயர்கள் எங்களுக்கு வந்து சேரவில்லை. அவர்கள் காப்பாற்றிய விசுவாசம் வந்து சேர்ந்தது.

அதற்குக் கொடுத்த விலையும் சிறியதல்ல. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் சுமார் 300 பேர் கூடியிருந்த இடத்துக்குள் படையினர் புகுந்தார்கள். அடிகளார் தப்பினார். கூடியிருந்தவர்கள் பிடிபட்டார்கள். பலர் அபராதம் கட்டினார்கள். சிலர் கடுமையாக அடிக்கப்பட்டுச் சிறைப்பட்டார்கள். 1711இல் கண்டியில் இறந்த யோசேவ் வாஸ் அடிகளாரை 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். அந்த மகிமையில் பெயர் தெரியாத அந்த வீட்டாருக்கும் பங்கு உண்டு.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒல்லாந்தரின் பதிவேடுகளில் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். உத்தியோகத்துக்காகவும் காணி உரிமைக்காகவும் பெயர் கொடுத்தவர்கள் அவர்களில் மிகப் பலர். 1795இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் நீங்கியதும் அந்த எண்ணிக்கை விரைவாகக் கரைந்துபோயிற்று. பெரிய கல் ஆலயங்கள் ஆளில்லாமல் கிடந்தன. அரசாங்கத்தின் ஆதரவும் கட்டடமும் பதிவேடும் இருந்த இடத்தில் விசுவாசம் தங்கவில்லை. இவை ஒன்றுமே இல்லாமல் தடையும் தண்டனையும் மட்டும் இருந்த வீடுகளில் அது தங்கியது. நாங்கள் புரட்டஸ்தாந்துக்காரராக இருந்தாலென்ன, கத்தோலிக்கராக இருந்தாலென்ன, இந்தப் பாடம் எல்லோருக்கும் பொதுவானது.

1816இல் இங்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் இதைச் சில ஆண்டுகளிலேயே உணர்ந்தார்கள். ஆண் பிள்ளைகளை மட்டும் படிப்பித்தால் கிறிஸ்தவக் குடும்பம் உருவாகாது என்று கண்டு, 1824இல் மருதனார்மடத்துக்கு அருகேயுள்ள உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தார்கள். ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் அதற்கு அத்திவாரம் இட்டார். பின்னர் 1840இல் வந்த எலைசா அக்னியூ அம்மையார் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அதை நடத்தினார். ஒரு தடவையேனும் தாய்நாடு திரும்பாமல், ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கற்பித்த அவரை ‘ஆயிரம் பெண்களின் தாய்’ என்று அழைத்தார்கள். அந்த மாணவிகள் வலிகாமத்தின் வீடுகளில் தாய்மார் ஆனபோது வேதாகமம் விறாந்தைப் பாய்க்கு வந்தது.

எங்கள் சைவச் சகோதரிகளின் வீடுகளிலும் இதே உண்மையைக் காணலாம். முகம் கை கால் கழுவி, விளக்கேற்றி, பிள்ளைகளை இருத்தித் தேவாரம் பாடுவிக்கும் வழக்கம் இந்த மண்ணுக்குரியது. 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் பெண்களுக்கென்று கல்லூரி அமைத்ததும், தாய் அறிந்தால்தான் வீடு அறியும் என்ற அதே எண்ணத்தில்தான். இதே மருதனார்மடத்தில் 1939இல் தொடங்கிய கிறிஸ்த சேவா ஆசிரமமும் தமிழ் மண்ணின் முறையில் கிறிஸ்துவை வழிபடலாம் என்று காட்டியது. ஜெபத்துக்குக் கதிரையும் மேசையும் வேண்டியதில்லை. ஒரு பாயும் தெரிந்த ஒரு கீர்த்தனையும் போதும்.

வேதாகமத்திலும் இதைக் காண்கிறோம். தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும் பவுல், அவனுடைய பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைவுகூருகிறார். தகப்பனோ கிரேக்கன். அந்த வீட்டில் எல்லோரும் ஒரே மனதாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. கணவர் ஜெபத்துக்கு வருவதில்லை, கணவர் வேறு சமயத்தவர், கணவர் வெளிநாட்டில், கணவர் இல்லை என்று கவலைப்படும் சகோதரிகளுக்கு இந்த வீடு ஆறுதல் தரும். இரண்டு பெண்களும் ஒரு பிள்ளையுமாக இருந்த அந்த ஜெபத்திலிருந்துதான் ஒரு சபைத் தலைவன் எழுந்தான்.

எங்கள் காலத்திலும் ஆலயக் கதவு பல தடவை மூடியது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி மழை இருளில் வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. ஆலயத்தையும் கோவிலையும் பூட்டிவிட்டுப் போன சனம் தென்மராட்சியிலும் வன்னியிலும் மரங்களின் கீழும் பாடசாலை வகுப்பறைகளிலும் தங்கியது. 2019இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின் அடுத்த ஞாயிறு கத்தோலிக்க ஆலயங்களில் பூசை நடைபெறவில்லை. கொழும்புப் பேராயர் நடத்திய திருப்பலியை மக்கள் வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் பார்த்தார்கள். 2020இல் கொரோனா ஊரடங்கில் உயிர்த்த ஞாயிறும் வீட்டோடு போயிற்று. அந்த டிசம்பரில் எங்கள் மருதனார்மடச் சந்தையைத் தொட்டே தொற்றுப் பரவியதையும் மறந்திருக்க மாட்டோம். குடும்பமாக ஜெபித்துப் பழகிய வீடுகள் அந்த நாட்களில் தடுமாறவில்லை. பழகாத வீடுகளிலோ எதை வாசிப்பது, யார் தொடங்குவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கிணற்றை வெட்டத் தாகம் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

சரி, எப்படித் தொடங்குவது?

முதலில் நேரத்தைத் தீர்மானியுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடமே. பசியோடும் நித்திரைக் கலக்கத்தோடும் இருக்கும் பிள்ளைக்கு அரை மணித்தியால ஜெபம் தண்டனையாகிவிடும். ரியூசனால் பிந்தி வரும் பிள்ளை இருந்தால் அதிகாலையை எடுங்கள். தினமும் முடியாவிட்டால் வாரத்தில் மூன்று நாளுடன் தொடங்குங்கள். கைத்தொலைபேசிகள் எல்லாம், பெற்றோருடையதும் சேர்த்து, அந்த நேரம் அலுமாரியில் இருக்கட்டும்.

இரண்டாவது, ஒரு நூலை எடுத்துத் தொடர்ந்து வாசியுங்கள். மாற்கு சுவிசேஷத்துக்கு 16 அதிகாரங்கள்தான் உண்டு. அரை அதிகாரமாக வாசித்தால் ஒரு மாதத்தில் இயேசுவின் வாழ்வு முழுவதையும் குடும்பமாகக் கேட்டுவிடலாம். வாசிப்பதைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பிழையாக வாசித்தால் இடையில் திருத்திச் சிரிக்க வேண்டாம். முடிந்ததும், “இதில் உனக்கு விளங்காதது என்ன?” என்று கேளுங்கள். “ஏன் அம்மா, நாங்கள் ஜெபித்தும் மாமா சாகத்தானே செய்தார்?” என்று ஒரு பிள்ளை கேட்டால், “அப்படிக் கேட்கக் கூடாது” என்று வாயை மூடாதீர்கள். “எனக்கும் அது விளங்கவில்லை மகன், நாங்கள் அதையும் ஆண்டவரிடமே சொல்லுவம்” என்று சொல்லலாம். வீட்டில் கேட்க முடியாத கேள்வியைப் பிள்ளை வெளியில்தான் கேட்கும்.

மூன்றாவது, ஜெபத்தைப் பிரம்பாக்காதீர்கள். “ஆண்டவரே, இவன் படிக்கிறானில்லை, சொல்லுக் கேட்கிறானில்லை, இவனுக்கு நல்ல புத்தியைக் கொடும்” என்று பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உரத்து ஜெபிக்கிறோம். அது கடவுளுக்குச் சொல்வதல்ல, பிள்ளைக்கு ஏசுவது. கணவரின் குடியையும் மாமியின் கோபத்தையும் இப்படி ஜெபமாக்கிச் சொல்லும் வழக்கமும் உண்டு. அன்று இரவே அந்தப் பாய் வெறுமையாகத் தொடங்கும். அதற்குப் பதிலாக, அன்று நடந்த ஒரு நன்மைக்காக ஒவ்வொருவரும் ஒரு வசனத்தில் நன்றி சொல்லட்டும். அயல் வீட்டு நோயாளி, பரீட்சை எழுதும் தோழி, வெளிநாட்டில் தனித்திருக்கும் அண்ணா என்று பெயர் சொல்லி ஜெபிக்கட்டும். ஆளுக்காள் மனம் நோகப் பேசியிருந்தால் படுக்கப் போகுமுன் மன்னிப்புக் கேட்கட்டும். தாய் தகப்பனே முதலில் கேட்டால் பிள்ளைக்கு அது கூச்சமாக இராது.

நான்காவது, பாயைச் சுருட்டிய பின் நடப்பதைக் கவனியுங்கள். கடவுளை எங்கள் எல்லோருக்கும் தகப்பன் என்று அழைத்து ஜெபித்துவிட்டு, மறுநாள் காணி கொத்த வந்தவருக்குத் தேநீரைத் தனிக் குவளையில் கொடுத்தால், பிள்ளை எதை நம்பும்? கூலியைப் பின்னேரத்துக்கு முன் கொடுத்தோமா, வீடு தேடி வந்தவரை இன்ன ஆள் என்று பார்த்து விறாந்தையோடு நிறுத்தினோமா, கலியாணப் பேச்சில் சீதனத்துக்கு எவ்வளவு பேரம் பேசினோம் என்பவை எல்லாம் பிள்ளைகளுக்கு எங்கள் விசுவாசப் பாடங்கள். பத்து நிமிட ஜெபத்தை ஒரு நிமிட நடத்தை அழித்துவிடும்.

கடைசியாக, இந்தப் பொறுப்பைத் தாய் மட்டும் சுமக்க வேண்டியதில்லை. தகப்பன் வீட்டில் இருந்தால் வாரத்தில் ஒரு நாளாவது அவரே தொடங்கி வைக்கட்டும். ஜெபிக்கக் கூச்சமென்றால் வாசிக்கட்டும். வாசிக்கக் கூச்சமென்றால் கூட இருக்கட்டும். தகப்பன் தலை குனிந்து இருப்பதைக் கண்ட பிள்ளை அதை மறப்பதில்லை. வெளிநாட்டில் இருப்பவர் தொலைபேசியில் சேர்ந்துகொள்ளலாம். அந்த ஒரு தொலைபேசி மட்டும் அலுமாரிக்குப் போகத் தேவையில்லை. அம்மம்மா, அப்பப்பா வீட்டில் இருந்தால் அவர்களுக்குத் தெரிந்த பழைய கீர்த்தனையைப் பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டட்டும். அவர்கள் போன பின் தேடிக் கிடைக்காத செல்வம் அது.

இந்த மாதம் ஒரு காரியம் செய்து பாருங்கள். மாற்கு முதலாம் அதிகாரத்தை எடுத்து, உங்கள் வீட்டில் ஆகச் சின்னப் பிள்ளையிடம் கொடுத்து, முதல் எட்டு வசனங்களை வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துத் தெரியாத வயதென்றால் அக்கா வாசிக்க, அது புத்தகத்தைப் பிடித்திருக்கட்டும். இன்றைக்கு அவ்வளவும் போதும். நாளைக்கு அடுத்த எட்டு வசனங்கள் இருக்கின்றன.