மூன்றாவது ஊசியும் சேரிக்கு வரவேண்டும்

நோய்க்குச் சாதி தெரியாது என்பார்கள். ஆனால் ஒற்றை அறை வீடும், விறகு அடுப்பின் புகையும், சத்துக் குறைவும் யாருக்கு வாய்த்திருக்கின்றன என்பது நமக்குத் தெரியும். நிமோனியா எளிதில் நுழைவது அந்த வீடுகளில்தான்.

நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியா குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, இருமல், தும்மல் வழியாகப் பரவுகிறது. நுரையீரலில் இறங்கினால் நிமோனியா. ரத்தத்திலோ மூளை உறையிலோ புகுந்தால் உயிருக்கே ஆபத்து.

தீண்டப்படாதோர் நிலையும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலையும் ஒத்திருப்பதை 1946-இல் டு பாய்ஸுக்கு எழுதிய கடிதத்தில் அண்ணல் அம்பேத்கர் சுட்டிக்காட்டினார். அந்த மக்களிடமிருந்தே இந்த நோயிலும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அமெரிக்காவில் குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி போடத் தொடங்கியது 2000-இல். அதற்கு முன், 1998-இல், கண்காணிக்கப்பட்ட பகுதிகளில் லட்சம் பேருக்குக் கறுப்பினத்தவரில் 54.9 பேருக்கும், வெள்ளையரில் 19 பேருக்கும் இந்நோய் கடுமையாகத் தாக்கியது. 2002-இல் அது 26.5 ஆகவும் 12.1 ஆகவும் குறைந்தது. ஏழைக் குழந்தைகளுக்கு இலவசமாக ஊசி தரும் அரசுத் திட்டம் அங்கு 1994 முதலே இருந்தது. ஊசி போடாத பெரியவர்களிடமும் நோய் குறைந்தது. பேரக்குழந்தையின் மூக்கில் கிருமி இல்லையென்றால் பாட்டிக்கும் தொற்றாது அல்லவா?

ஆனாலும் இடைவெளி மறையவில்லை. 2.9 மடங்கு 2.2 மடங்கானது, அவ்வளவுதான். வீட்டையும் வருமானத்தையும் ஊசி மாற்றிவிடாது.

இந்தியாவில் 2017-இல் சில மாநிலங்களில் தொடங்கிய இத்தடுப்பூசி, 2021-இல் தமிழகம் உட்பட நாடு முழுவதும் விரிந்தது. தனியாரிடம் ஒரு தவணைக்கே ஆயிரக்கணக்கில் செலவாகும் இந்த ஊசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என மூன்று தவணைகள்.

நமது கவலை மூன்றாவது தவணையைப் பற்றியது. அதற்குள் தாய் கூலி வேலைக்குத் திரும்பிவிடுகிறாள். குடும்பம் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ போய்விடுகிறது. புதன்கிழமை ஊசிக்காக ஒரு நாள் கூலியை இழக்கச் சொல்வது நியாயமல்ல.

நாம் கேட்பவை மூன்று. ஊசி முகாம் ஊருக்குள் மட்டுமின்றி ஆதிதிராவிடர் குடியிருப்பின் அங்கன்வாடியிலும், வேலைக்குப் போகும் முன் காலையிலேயே நடக்க வேண்டும். சூளைகளில் தங்கியுள்ள குழந்தைகளைப் பட்டியலெடுத்துச் செவிலியர்கள் அங்கேயே சென்று போட வேண்டும். எத்தனை குழந்தைகள் மூன்று தவணையும் பெற்றார்கள் என்பதை, ஊர் வேறு, குடியிருப்பு வேறாகக் கணக்கிட்டு மாவட்ட நிர்வாகம் வெளியிட வேண்டும். மொத்த சராசரிக்குள் சேரியின் கணக்கு மறைந்துவிடக் கூடாது.

பெற்றோரே, எங்கு பிழைக்கப் போனாலும் தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டு செல்லுங்கள். அதைக் காட்டி எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அடுத்த ஊசியைக் கேட்கலாம். மாணவர்களே, உங்கள் தெருவில் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குப் போய் அட்டையைப் பாருங்கள். 9-ஆம் மாதக் கட்டம் காலியாக இருந்தால் செவிலியரிடம் சொல்லுங்கள். இலவசமாகத் தருவது சலுகை அல்ல. நம் பிள்ளைகளின் உரிமை.