மாட்டாஸ்பத்திரியில் மருத்துவரை வை! மருந்தை வை! ரேட்டை எழுதி வை!



நம்ம தா.பழூர் வட்டாரத்தில் நெல்லும் கரும்பும் ஒரு வருஷம் கை கொடுக்கும், ஒரு வருஷம் கை விடும். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தாலும் போச்சு, மழை பொய்த்தாலும் போச்சு. வருஷம் பூராவும் அடுப்பு எரிய வைப்பது கொட்டகையில் நிற்கிற ரெண்டு மாடும் நாலு ஆடும்தான். பிள்ளைகளின் படிப்புச் செலவு, மளிகைக்கடை பாக்கி, கைமாத்துக் கடன் எல்லாம் பால் காசில்தான் கழிகிறது. அந்த மாட்டுக்கு ஒண்ணுன்னா யாரைக் கூப்பிடுவது, எவ்வளவு ஆகும் என்று பல வீடுகளில் இன்றைக்கும் தெரியாது. நோயைவிட இந்தத் தெரியாமைதான் நம் மாடுகளைக் கொல்கிறது என்று சொல்கிறோம்.

ஒரு பாட்டில் மருந்தும் ஒரு மாட்டு விலையும்

நல்லா பால் கறக்கிற கலப்பின மாடு கன்று போட்ட ரெண்டு மூணு நாளைக்குள் திடீரென்று படுத்துவிடும். தலையைத் திருப்பி வயிற்றில் வைத்துக்கொள்ளும், காது ஜில்லென்று இருக்கும், எழுப்பினால் எழாது. 'காத்து கருப்பு பட்டுருச்சு' என்று மந்திரிக்க ஆள் தேடுவோரும் உண்டு. அது பால் காய்ச்சல். சீம்பாலில் சுண்ணாம்புச் சத்து மொத்தமாக இறங்கியதால் ரத்தத்தில் அது குறைந்துபோன கோளாறு. நேரத்தோடு மருத்துவர் வந்து நரம்பில் கால்சியம் ஏற்றினால் பெரும்பாலான மாடுகள் சில மணி நேரத்தில் எழுந்து தீனி தின்னும். விட்டுவிட்டால் செத்துப்போகும். அதே மருந்தை விவரம் தெரியாதவர் அவசரமாக ஏற்றினால் மாட்டின் இதயம் நின்றுவிடும். மருந்து ஒன்றுதான். கையும் நேரமும்தான் மாட்டைப் பிழைக்க வைக்கிறது.

சரி, நேரத்தோடு ஏன் கூப்பிடுவதில்லை? விவசாயிக்கு அக்கறை இல்லையா? இல்லை ஐயா, கணக்குதான் காலைப் பிடித்து இழுக்கிறது. 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ரூபாய் ஆனது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. ஆக 38 ரூபாய். வீட்டுக்கு வந்து பார்க்க, ஊசி போட, பெட்ரோலுக்கு என்று 500 ரூபாய் ஆகிறதென்று வையுங்கள். அது 13 லிட்டர் பால். தீவனச் செலவு போக மிஞ்சுகிற காசில் பார்த்தால் பல நாள் உழைப்பு. அதுவும் 500-ஆ, 800-ஆ, 1,500-ஆ என்று முன்கூட்டித் தெரியாது. பகலுக்கு ஒரு ரேட், ராத்திரிக்கு ஒரு ரேட், ஆளுக்கு ஒரு ரேட். அதனால்தான் 'காலைல பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போடுகிறார்கள். காலையில் மாடு இருப்பதில்லை.

நம்பிக்கை எங்கே உடையுது?

முதல் நாள் கைவைத்தியம். ரெண்டாம் நாள் கிட்டத்தில் கிடைக்கிற 'ஊசி போடறவர்'. அவர் நூறு இருநூறு வாங்கிக்கொண்டு என்ன மருந்தென்றே சொல்லாமல் குத்திவிட்டுப் போவார். மூணாம் நாள் மாடு கழுத்தைத் தொங்கப் போட்ட பிறகு மருத்துவர். அவர் வந்தும் மாடு செத்தால், 'டாக்டர் வந்தாரு, மாடு போச்சு' என்று ஊர் பேசுகிறது. அடுத்த வீட்டுக்காரர் இன்னும் தாமதமாகக் கூப்பிடுகிறார். செலவுக்குப் பயந்து தாமதம், தாமதத்தால் சாவு, சாவால் அவநம்பிக்கை. இந்தச் செக்கில்தான் சுற்றுகிறோம்.

1984-ஆம் வருஷத்து இந்திய கால்நடை மருத்துவக் கழகச் சட்டப்படி பதிவு பெற்ற மருத்துவர்தான் வைத்தியம் பார்க்கலாம். அரசு அனுமதித்தால், டிப்ளமா போன்ற படிப்பு படித்தவர்கள் மருத்துவர் மேற்பார்வையில் சிறு சிகிச்சைகள் செய்யலாம். சட்டம் இப்படி இருக்க, மருத்துவர் இல்லாத ஊரில் விவசாயி யாரைக் கூப்பிடுவான்?

மருத்துவர் மட்டும் குற்றவாளியா?

மருத்துவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. 5,000 மாடுகளுக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்று தேசிய வேளாண் ஆணையம் 1976-லேயே சொல்லிவிட்டது. 2019 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாடு மட்டும் சுமார் 95 லட்சம், வெள்ளாடு சுமார் 98 லட்சம். 2011-ல் அரசு ஏழைக் குடும்பங்களுக்குக் கறவை மாடும், குடும்பத்துக்கு 4 ஆடும் இலவசமாகக் கொடுத்தது. வரவேற்கிறோம். ஆனால் ஆடு மாடு கொடுத்த கையால் அதே அளவுக்கு மருத்துவரையும் மருந்தையும் கொடுத்ததா? இருக்கிற மருத்துவரும் முகாம், கணக்கெடுப்பு, காப்பீட்டுச் சான்று, பிரேதப் பரிசோதனை, ஆபீஸ் பைல் என்று ஓடிக்கொண்டிருந்தால் நம்ம கொட்டகைக்கு எப்போது வருவார்?

தடுப்பூசியிலும் இதே கதைதான். 2013-ல் கோமாரி டெல்டா மாவட்டங்களைச் சூறையாடியதையும், இழப்பீடு கேட்டு விவசாயிகள் தெருவுக்கு வந்ததையும் மறந்துவிடவில்லை. 2019-ல் தேசிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டம் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கோமாரி ஊசி, விவசாயிக்கு ஒரு காசு செலவில்லை. ஆனாலும் 'ஊசி போட்டா பால் குறையுது' என்று மாட்டை ஒளித்து வைக்கும் வீடுகள் உண்டு. ரெண்டு மூணு நாள் பால் குறையலாம், பிறகு சரியாகிவிடும். கோமாரி வந்தால் அந்த ஈத்துப் பாலே போய்விடும். இதை ஊசி போடுவதற்கு முன்னாடியே உட்கார்ந்து சொன்னால் யாரும் மாட்டை ஒளிக்க மாட்டார்கள். வாயைத் திறந்து விவரம் சொல்வதும் வைத்தியம்தான்.

நாம் கேட்பது என்ன?

1. காலியாக உள்ள கால்நடை மருத்துவர், ஆய்வாளர், உதவியாளர் பணியிடங்களை உடனே நிரப்பு.

2. எந்தச் சிகிச்சை இலவசம், வீட்டுக்கு வந்தால் எவ்வளவு, சினை ஊசிக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு மாட்டாஸ்பத்திரி வாசலிலும் தமிழில் பலகை வை.

3. கால்சியம், மடிநோய் மருந்து, வயிறு உப்புசத்துக்கு மருந்து, குடற்புழு மருந்து எப்போதும் இருப்பில் வை. 'வெளியில வாங்கிட்டு வா' என்ற பேச்சே கூடாது.

4. 1962 எண்ணுக்குப் போன் போட்டால் கொள்ளிடக் கரையில் உள்ள கடைசி ஊருக்கும் ராத்திரியில் ஊர்தி வர வழி செய்.

5. என்ன நோய், என்ன மருந்து, எவ்வளவு காசு என்று சீட்டு எழுதிக் கொடு.

நாம் செய்ய வேண்டியது

கேட்டால்தான் கிடைக்கும். ஊசி போட்டவர் யாராக இருந்தாலும் மருந்துப் பெயரை எழுதி வாங்குங்கள். கிராம சபையில் இந்த அஞ்சு கோரிக்கையையும் தீர்மானமாகப் போடுங்கள். 2005 தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, 'எங்கள் ஒன்றியத்தில் எத்தனை மருத்துவர் பணியிடம், எத்தனை காலி, போன வருஷம் என்னென்ன மருந்து வந்தது' என்று மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பதிலைக் கையில் பிடித்துக்கொண்டு அரியலூர் கலெக்டர் ஆபீசில் மாதாமாதம் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குத் திரண்டு போவோம். ஒருத்தர் கேட்டால் மனு. ஊரே கேட்டால் உத்தரவு.

மாடு வாய் திறந்து பேசாது. அதுக்காக நாம் பேசுவோம்!

கால்நடை மருத்துவம் சலுகையல்ல, உழவனின் உரிமை!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!