ஆங்கில இலக்கணமும் நம் மாணவரும்

ஆங்கில இலக்கணம் என்றதும் அஞ்சி ஒதுங்கும் மாணவரை நாம் நாள்தோறும் காண்கிறோம். பன்னிரண்டு கால வாய்பாடுகளையும் நெட்டுருச் செய்தவர்கள்கூட ஒரு வாக்கியம் பேசத் தயங்குகின்றனர். குறை அவர்தம் அறிவில் இல்லை. கற்பிக்கும் முறையிலேயே உள்ளது என்பது நம் துணிபு.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். 'அவர் நேற்று வந்திருக்கிறார்' என்பது பிழையற்ற தமிழ். அதனையே மாணவர் 'ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே' என எழுதினால் சிவப்பு மை பாய்கிறது, காரணம் சொல்லப்படுவதில்லை. 'ஹேஸ் கம்' என்னும் வடிவம் முடிந்த செயலை நிகழ்காலத்தோடு பிணைப்பது. ஆதலின், கழிந்துபோன நாளைச் சுட்டும் 'நேற்று' என்பதை அது ஏற்காது; 'கேம்' என்றே வரல் வேண்டும். தமிழ் வடிவத்திற்கு அத்தடை இல்லை. இவ்வேறுபாட்டை விளக்கிவிட்டால் பிழை தானே விலகும்.

தமிழ்வினை முக்காலத்தையும் தன்னுள் வரும் இடைநிலையால் காட்டும். ஆங்கில வினையோ வடிவம் மாறிக் காட்டுவன இரண்டு காலங்களே. எதிர்காலத்திற்கு 'வில்' போன்ற துணைவினையை நாடும். முளாரிஃ வினைக்கு முன் 'ஸவ்ஃப' சேர்த்து எதிர்காலம் உணர்த்துவதை மதரஸாவில் பயின்ற மாணவருக்கு இது புதிதன்று.

சொல்வகையும் அவ்வாறே. தொல்காப்பியர் பெயர், வினை, இடை, உரி எனச் சொல்லை நான்காக வகுத்தார். அரபு இலக்கணிகள் இஸ்மு, ஃபிஃலு, ஹர்ஃபு என மூன்றாக வகுத்தனர். ஆங்கிலப் பாடநூல்கள் எட்டென்கின்றன. எண்ணிக்கை வேறுபடினும் பெயரும் வினையும் மூன்று மொழிக்கும் பொது. 'வீட்டில்' என்பதில் உருபு பெயரின் பின் நிற்பதை உணர்ந்தவர், 'இன் த ஹவுஸ்' என்பதில் 'இன்' முன் நிற்பதை எளிதில் உணர்வர்.

அறிந்த இலக்கணம் கொண்டு அறியாததை அணுகுதல் இழிவன்று. 1586இல் ஆங்கிலத்திற்கு முதல் இலக்கணநூல் இயற்றிய வில்லியம் புல்லோக்கரும் இலத்தீன் இலக்கணத்தையே முன்மாதிரியாகக் கொண்டார்.

எனவே, தமிழிலக்கணத்திற்குச் செலவிடும் நேரம் ஆங்கிலத்திற்கு இழப்பு என எண்ணும் பெற்றோர்க்கும் பெரியோர்க்கும் நாம் பணிவுடன் கூறுவது ஒன்றுண்டு: அந்நேரம் இழப்பன்று, முதலீடு. முதலாமாண்டிலேனும் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் கூடி இருமொழி இலக்கணத்தையும் ஒப்பிட்டுக் கற்பிக்க வேண்டும். தன் மொழியின் அமைப்பைத் தெளிந்த மாணவர் பிறமொழி கண்டு அஞ்சார். நேர்காணலில் நாவடங்கித் தலைகுனியும் நிலையும் அவர்க்கு நேராது.