ஓடும் வீட்டுக்கு எந்த நாய்?

காலையில் அப்பா ஓடுகிறார். மாலையில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். அந்த வீட்டில் ஒரு நாய் இருந்தால் நல்லதுதான்!

ஆனால், அழகை மட்டும் பார்த்து நாய் வாங்கக் கூடாது.

சைபீரியன் ஹஸ்கி, பனியில் சறுக்கு வண்டி இழுத்த நாய். ரோமம் அடர்த்தி. நம் ஊர் வெயிலில் அது தவிக்கும். பக் நாய்க்குச் சப்பை மூக்கு. ஓடினால் மூச்சுத் திணறும்.

தென் மாவட்டத்துச் சிப்பிப்பாறை, கன்னி நாய்களைப் பாருங்கள். குட்டை ரோமம். ஒல்லி உடம்பு. நீண்ட கால். முயல் வேட்டைக்கென்றே வளர்த்த இனங்கள். வெயிலும் பழக்கம்.

ஆனால், ஓடப் பிறந்த நாயைச் சங்கிலியில் கட்டிப் போடுவது பாவம்.

ஆகவே, வாங்குமுன் வீட்டில் கேளுங்கள்: "தினமும் இதோடு ஓடப் போவது யார்?"

பதில் வரவில்லையா? நாய் வேண்டாம்!